உப்பு எந்தத் தாளில் வரும்?

பாடத்திட்டத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இது புதிதல்ல. எந்த நூல் தாளுக்குள் வரும், எது வெளியே நிற்கும் என்பதில் யாருடைய அதிகாரம் ஓடுகிறது என்று நாம் நிறையவே சண்டை போட்டாயிற்று. சிவில் இன்ஜினியரிங் பாடத்திட்டத்தை மட்டும் அப்படி யாரும் வாசிப்பதில்லை. அது வெறும் கணக்குதானே, அதில் என்ன அரசியல் என்று விட்டுவிடுகிறோம். மேல்விஷாரத்தில் நின்றுகொண்டு அப்படி விட்டுவிட முடியாது.

1794இல் கம்பெனி அரசு சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளிதான் பின்னால் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. முதலில் நிலத்தை அளக்க ஆள் தேவைப்பட்டது. அப்புறம் ரோடு, பாலம், அணை. குடிநீரும் சாக்கடையும் ‘பொது சுகாதாரப் பொறியியல்’ என்ற பெயரில் வந்து சேர்ந்தன. நாக்பூரில் 1958இல் இதே பெயரோடு தொடங்கப்பட்ட மத்திய ஆராய்ச்சி நிறுவனம் 1974இல் ‘சுற்றுச்சூழல் பொறியியல்’ நிறுவனமாக, அதாவது ‘நீரி’யாக, பெயர் மாற்றிக்கொண்டது. பாடப்புத்தகங்களின் அட்டையும் மாறியது. உள்ளே இருந்த கணக்கு பெரும்பாலும் மாறவில்லை.

அந்தக் கணக்கின் ஊர் இங்கிலாந்து. கழிவுநீர் பற்றிய ராயல் கமிஷன் 1912இல் ஓர் அளவுகோல் வைத்தது: லிட்டருக்கு மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராம், பி.ஓ.டி. 20 மில்லிகிராம். பி.ஓ.டி. என்றால், கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கத் தேவைப்படும் ஆக்சிஜன். அதை ஐந்து நாள் வைத்துப் பார்க்க வேண்டும். ஏன் ஐந்து? இங்கிலாந்து ஆறுகள் கடலில் சேர அதற்குமேல் ஆகாது என்று காரணம் சொல்வார்கள். நம் ஊர் வெயிலுக்கு ஏற்றபடி இந்திய முறை இதை 27 டிகிரியில் மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டது. வெப்பத்தை மொழிபெயர்த்தார்கள், சரி. ஆனால் அந்த அளவுகோலுக்கு அடியில் இன்னொரு நிபந்தனை கிடந்தது: கழிவைப் போல் குறைந்தது எட்டு மடங்கு சுத்தமான நீர் ஆற்றில் ஓட வேண்டும். பாலாற்றில்? வருஷத்தில் பாதிக்குமேல் மணல்தான். ஆற்றை மொழிபெயர்க்கவில்லை.

இந்த இடைவெளியில்தான் உப்பு நுழைகிறது. ஆட்டுத்தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. ஊறவைத்தால் அந்த உப்பு முழுக்கத் தண்ணீருக்குப் போகும். அமிலத்தோடு சேர்த்து மறுபடியும் உப்புப் போடுவார்கள். பாடம் கற்றுத்தருகிற தொட்டிகளோ வண்டலைப் படியவைக்கும், பாக்டீரியாவுக்குத் தீனி போடும். கரைந்த உப்பை இரண்டுமே தொடாது. குடிநீர்த் தாளில் ‘கரைந்த திடப்பொருள்’ என்று உப்பு வரும். கழிவுநீர்த் தாளில் சுத்திகரிப்பின் எல்லாக் கட்டங்களையும் தாண்டி அப்படியே வெளியே போகும். கிணற்றுக்காரருக்குத்தான் அது தெரியும், வாயில் வைத்ததுமே.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதை மேல்விஷாரத்து முஸ்லிம் முதலாளிகளின் பேராசை என்று சுருக்கிவிடுவது சௌகரியம், அதில் வேறு விஷமும் உண்டு. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டுக்கொண்டிருந்த தொழிலை, சீதாராமையா கமிட்டிக்குப் பிறகு 1970களில், முழுத்தோலாக ஏற்றுமதி செய் என்று குரோமியம் பக்கம் தள்ளியது அரசு. டாலர் வந்தது. தோலில் கைவைத்து வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்கள் ஊர்க் கிணறும் இதே நிலத்தடி நீர்தான்.

1996 ஆகஸ்ட் 28இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ‘மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும்’ என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்றது. சட்ட மாணவர்களுக்கு அது மனப்பாடம். நம் கண்ணுக்குப் படவேண்டியது வேறு. டேனரிக்காரர்கள் எதிர்த்து நின்ற அளவுகோல், கரைந்த திடப்பொருளுக்கு மாநில வாரியம் வைத்த வரம்புதான், அதாவது உப்பு. நீரியைக் கேட்டார்கள், வரம்பு நியாயமே என்றது நீரி. இருந்தும் 1990களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பாடப்புத்தகத்தைப் பார்த்துக் கட்டியவை போலவே இருந்தன. சவ்வு வழியாக உப்பைப் பிரிக்கும் ஏற்பாடு 2000களின் இறுதியில்தான் வந்தது. பிரித்தெடுத்த கலப்பு உப்பை எங்கே கொட்டுவது? அதற்கு எந்தத் தாளிலும் கேள்வி இல்லை.

2015 ஜனவரி 31 விடியுமுன், ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். சுவர் கட்டுமானத் தாளில் வரும், சேறு சுற்றுச்சூழல் தாளில் வரும். சுவருக்குப் பக்கத்தில் தூங்குகிறவன் எந்தத் தாளிலும் வரமாட்டான்.

மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் பொறியியல் கல்லூரி வந்தது 1998இல், தீர்ப்புக்கு இரண்டு வருஷம் கழித்து. எல்லாப் பட்டப்படிப்பிலும் சுற்றுச்சூழல் ஒரு கட்டாயத் தாள் என்பதும் 2003 வாக்கில், இன்னொரு உச்சநீதிமன்ற வழக்கின் வழியாக வந்ததே. 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் ஒரு குழு போடச் சொன்னது. நீதிபதிகள் பாடத்திட்டத்தை முந்திக்கொண்டே இருக்கிறார்கள். ‘ஆற்றில் எட்டு மாதம் நீரோட்டம் பூஜ்யம் எனக் கொள்க’ என்று தொடங்கும் ஒரு கணக்கை வேலூர் மாணவருக்கு யாராவது கொடுத்தால் போதும், அந்த 1912 வாய்பாட்டில் எதை எடுத்து எங்கே போடுவது என்று அவரே திண்டாடிக் கேட்பார்.