எஸ்.யூ. காபரேற்றர்

எஸ்.யூ. காபரேற்றர் என்பது பழைய பிரித்தானியக் கார்களில் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கருவி. இலங்கையர் இதனை நன்கறிந்தது, 1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்டு இன்றும் நம் வீதிகளில் ஓடும் மொறிஸ் மைனரில். ஸ்கின்னர் குடும்பத்தார் 1910இல் நிறுவிய எஸ்.யூ. நிறுவனத்தை 1926இல் மொறிஸ் கார்களின் தயாரிப்பாளர் வில்லியம் மொறிஸ் வாங்கினார். மெர்லின் விமான எஞ்சினுக்கும் இந்நிறுவனம் வேறு அமைப்பிலான காபரேற்றர்களைச் செய்தது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எதிர்த்தெழுந்த ஹரிகேன் போர்விமானங்கள் மெர்லினில் பறந்தவையே.

காற்று வழியின் மேலே ஒரு பிஸ்டன்; அதன் அடியில் கூம்பிய ஊசி; ஊசி இறங்கி நிற்கும் இடம் ஜெட். எஞ்சின் அதிகம் உறிஞ்சினால் பிஸ்டன் உயரும். ஊசியின் மெல்லிய பகுதி ஜெட்டுக்கு வர, பெற்றோலும் கூடும். எல்லா வேகத்துக்கும் ஒரே ஜெட் போதும் என்பதே இதன் அழகு.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் உப்புக்காற்றிலும் வாடை மழையின் ஈரத்திலும் மாதக்கணக்கில் நின்ற காரில், பெற்றோல் தேங்கும் மிதவை அறையின் அடியில் தண்ணீரும், வார்ப்பு உலோகத்தில் வெண்பொடியும், காய்ந்த பெற்றோலின் பிசினும் இருக்கும். பிஸ்டனும் அதன் மேற்கூடும் ஒன்றுக்கொன்று அளந்து பொருத்தப்பட்ட சோடி. இன்னொரு காபரேற்றரின் பாகத்தோடு மாற்றக்கூடாது. பெற்றோலில் நனைத்த மென்துணி போதும், அரத்தாள் வேண்டவே வேண்டாம். துடைத்துப் பூட்டிய பின், உயர்த்திவிட்ட பிஸ்டன் 'டக்' என்ற ஒலியோடு விழ வேண்டும். விழாவிட்டால் ஜெட் மையத்தில் இல்லை, அல்லது ஊசி வளைந்திருக்கிறது. மேல்மூடியைத் திறந்து பிஸ்டன் தண்டுக்குள் விடுவது எஸ்.ஏ.ஈ. 20 எண்ணெய்.

பலர் கவனிக்காதது, எஞ்சினுக்குள் செல்லும் கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் துரொட்டில் தண்டின் தேய்மானம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. தண்டும் புஷ்ஷும் மாற்றாமல் கலவையைத் திருத்துவது வீண் வேலை. கலவையைத் திருத்தும் ஜெட் நட்டில் முதலில் கைவைக்கும் பழக்கமே நல்ல காபரேற்றர்கள் பலவற்றுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது.

வால்வு இடைவெளி (மைனரின் 1098 சிசி எஞ்சினில் 0.012 அங்குலம்), பொயின்ற், பிளக் ஆகியவை சரியான பிறகே ரியூனிங். ஜெட் நட்டை முழுதாக மேலேற்றி, இரண்டு சுற்று, அதாவது பன்னிரண்டு முகம், கீழிறக்குவது தொடக்க நிலை. எஞ்சின் சூடேறியதும் பிஸ்டனை 0.8 மில்லிமீற்றர் மட்டும் உயர்த்த வேண்டும். வேகம் கணநேரம் சற்றே கூடி அடங்கினால் கலவை சரி. கூடியே நின்றால் பெற்றோல் மிகுதி, நட்டை மேலேற்றுக. உடனே தளர்ந்தால் குறைவு, கீழிறக்குக. ஒரு தடவைக்கு ஒரு முகம் போதும். பின்னர் காரைத் திருகோணமலையின் உவர்மலை ஏற்றத்தில் ஏற்றி, எஞ்சினை அங்கேயே நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்: நுனி வெளிறியிருந்தால் பெற்றோல் குறைவு, கரி படிந்தால் மிகுதி, இளம் பழுப்பு என்றால் வேலை முடிந்தது.