கையெழுத்துக்கு முன்பே கூடிய அவை

எழுத்தாளர் கூட்டம் பெருநகரம் பெற்ற பிள்ளை என்ற எண்ணம் குண்டலுபேட்டையில் செல்லாது. 1673 முதல் 1704 வரை மைசூரை ஆண்ட சிக்கதேவராஜ உடையார், தம் தந்தை நினைவாகப் பரவாசுதேவர் கோயிலை எழுப்பிய ஊர் இது. அவர் அரண்மனையில் வெற்றிலைப் பை சுமந்த ஹொன்னம்மா 'ஹதிபதெய தர்ம' நூலைச் சாங்கத்திய யாப்பில் இயற்றினார். பாடுவதற்கென்றே அமைந்த யாப்பு அது. கன்னட நாட்டுக் கமக வாசிப்பில் ஒருவர் காவியத்தை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பொருள் விரிப்பார். அரண்மனை வாசலை மிதிக்காத மக்களுக்கு நீலகாரர்கள் பாடும் மண்டேசுவாமி கதையும், கம்சாளே என்னும் தாளக்கருவியோடு எழும் மாதேசுவரர் கதையும் இருந்தன. எழுத்தறிவு கேட்காத இலக்கிய அவைகள் இவை.

கமகத்தில் நூலாசிரியர் எங்கே, இன்றைய கூட்டம் அவர் முகத்துக்காகத்தானே என்று கேட்கலாம். நியாயமான தடைதான். ஆனால் தமிழ் அரங்கேற்றத்தில் புலவரே அவையில் நின்றார். எழுந்த ஐயங்களுக்கு விடை சொன்னார். புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 19ஆம் நூற்றாண்டில் தலபுராணங்களை அப்படித்தான் அரங்கேற்றினார். இன்றைய பயிலரங்கு அந்த அளவு கறாராக இருக்கிறதா என்பது என் சந்தேகம். உண்மையில் புதியது நூலில் கையெழுத்திடும் வழக்கம் ஒன்றே. அச்சு எல்லாப் படிகளையும் ஒன்றுபோலாக்கியதால் வந்த தேவை அது. ஏட்டுச்சுவடியில் ஒவ்வோர் எழுத்தும் ஒருவர் கையால் கீறியது. எழுதி முடித்த நாளையும் தம் பெயரையும் கடைசி ஏட்டில் குறித்துவைத்த பிரதியாளர்கள் உண்டு.