கால்நடைத் தோல் மருத்துவச் சிறப்புக் கல்லூரி

விலங்குகளின் தோல், முடி, காது, நகம் ஆகியவற்றின் நோய்களில் தனித் தேர்ச்சி பெற்ற மருத்துவர்கள் தமக்குள் அமைத்துக்கொள்ளும் தொழில்முறை அமைப்பு இது. கல்லூரி என்றதும் வகுப்பறையும் விடுதியும் நுழைவாயில் வளைவும் நினைவுக்கு வரும். இதில் அவை எதுவும் கிடையாது. பயிற்சி தருவது மருத்துவமனைகளின் வேலை. பயிற்சி முடித்தவருக்குத் தேர்வு வைத்து, இவர் சிறப்பு மருத்துவர்தான் என்று சான்று தருவது இந்தக் கல்லூரியின் வேலை. மனித மருத்துவர்கள் பெயருக்குப் பின்னால் எஃப்.ஆர்.சி.எஸ். என்று போட்டுக்கொள்கிறார்களே, அந்தப் பட்டத்தைத் தரும் லண்டன் ராயல் காலேஜும் இந்த வகைதான்.

தமிழ்நாடு – கர்நாடக எல்லையிலுள்ள ஓசூரில் இந்தப் பொருள் மயக்கம் இன்னும் கூடுதல். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி மத்திகிரியில் இருக்கிறது. கால்நடைக் காலேஜ் எங்கே என்று கேட்டால் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம்தான் கை காட்டுவார்கள்.

தோற்றம்

தோல் நோயைக் கால்நடை மருத்துவத்தின் தனிக் கிளையாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் வேர்விட்டது. செக் நாட்டின் புர்னோ நகரிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஃபிராங்க் கிரால், நோவாக்குடன் சேர்ந்து 1953இல் இத்துறைக்கான பாடநூலை வெளியிட்டார். 1969இல் முல்லரும் கிர்க்கும் எழுதிய சிறுவிலங்குத் தோல் மருத்துவ நூல் வந்தது. பல பதிப்புகள் கண்டு இன்றும் மருத்துவர்களின் மேசையில் கிடக்கும் புத்தகம் அது. அமெரிக்கக் கல்லூரி 1982இல் அந்நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் ஏற்பைப் பெற்றது. ஐரோப்பாவில் 1984இல் சங்கமும் 1992இல் கல்லூரியும் உருவாயின. 1989இல் பிரான்சின் திஜோன் நகரில் தொடங்கிய உலக மாநாடு 2008இல் ஹாங்காங்குக்கு வந்தது. ஆசியாவுக்கான கல்லூரியும் இருக்கிறது. அதில் ஜப்பானியரின் பங்கு பெரிது.

முதலில் சங்கம், பிறகு கல்லூரி என்ற இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. சங்கத்தில் ஆர்வமுள்ள யாரும் சேரலாம். கல்லூரியில் தேர்வு எழுதித்தான் சேர முடியும். அப்படியானால் முதல் தேர்வை வைப்பது யார்? தேர்வெழுதித் தேறியவர் ஒருவரும் இல்லாத இடத்தில் தேர்வாளர் எங்கிருந்து வருவார்? ஒரு வட்டாரத்தில் புதிதாகக் கல்லூரி தொடங்குவோர் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். வழக்கமான தீர்வு, நிறுவனர் நிலை. பல ஆண்டுகள் தோல் நோய்களையே பார்த்து, கட்டுரைகள் எழுதி, மாணவர்களைப் பழக்கிய சிலரை அந்தப் பணிக்காகவே தேர்வின்றி ஏற்றுக்கொள்வார்கள். அவர்கள் முதல் வினாத்தாளைத் தயாரிப்பார்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளின் உறுப்பினர்களையும் துணைக்கு அழைப்பதுண்டு. அதற்குப் பிறகு கதவு அடைபடும். அடுத்து வருபவர் எவராயினும் ஏற்பு பெற்ற ஒருவரின் கண்காணிப்பில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உறைவிடப் பயிற்சி பெற்று, பார்த்த நோயாளிகளின் பதிவேட்டைக் காட்டி, ஆய்வுக் கட்டுரை வெளியிட்டு, தேர்வில் தேற வேண்டும். நிறுவனர் பட்டியல் நீண்டுவிட்டால் கல்லூரியின் மதிப்பு அன்றே போய்விடும். குறுகிவிட்டால் பயிற்சி தர ஆளிருக்காது.

இந்தியாவில் 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் பட்டத்தையும் பதிவையும் ஒழுங்குபடுத்துகிறது. இளநிலைப் படிப்பு, உள்ளுறைப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். தோல் நோய்ப் பாடம் பொது மருத்துவத் துறைக்குள் அடக்கம். 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரிக்கு வந்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் தோல் நோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. அங்கே ஆண்டுக்கணக்கில் நாய்த் தோலையே பார்த்துப் பழகிய கைகளுக்குக் குறைவில்லை. அந்தப் பழக்கத்தை எடைபோட்டுச் சான்று தரும் ஏற்பாடுதான் சட்டத்தில் இல்லை.

சொறி என்ற ஒரு சொல்

இந்தச் சிறப்புத் தேர்ச்சி எதற்கு என்பதை ஒரு கண்ணாடித் துண்டை வைத்தே காட்டலாம். முடி கொட்டி, தோல் தடித்து, ஓயாமல் கீறிக்கொள்ளும் நாயைத் தமிழில் சொறிநாய் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது இரண்டு பூச்சிகள் இருக்கின்றன. டெமோடெக்ஸ் மயிர்க்காலுக்குள் தலைகீழாகப் புதைந்து வாழும். சுருட்டு போல நீண்ட உடம்பு. அதைப் பிடிக்க, அறுவை பிளேடில் ஒரு சொட்டுத் திரவப் பாரஃபின் தொட்டு, தோலை விரலிடையே பிதுக்கி, இரத்தம் துளிர்க்கும்வரை சுரண்ட வேண்டும். சார்கோப்டெஸ் மேல்தோலில் சுரங்கம் தோண்டும், உருண்டை உடம்பு. ஆழமாகச் சுரண்டிப் பயனில்லை, அகலமாகச் சுரண்ட வேண்டும். அப்படியும் பல நேரங்களில் சிக்காது. அதனால் நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக அது இல்லை என்று சொல்லிவிட முடியாது. நாயின் காது மடலின் விளிம்பை மடித்துத் தேய்த்தால் பின்னங்கால் தானாகவே சொறிவதுபோல் ஆடும். பழகிய மருத்துவர் அந்தக் காலாட்டத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வார். முதல் பூச்சி மனிதருக்குத் தொற்றாது. இரண்டாவது, வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் வயிற்றிலும் அரிப்பை உண்டாக்கும்.

இவற்றோடு பூஞ்சைப் படர்தாமரை, ஈஸ்ட், உண்ணி, ஒவ்வாமை என்று பட்டியல் நீளும். வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். நாட்டுப்புறத்தில் கழிவு எஞ்சின் ஆயிலைத் தடவும் வழக்கம் இன்னும் போகவில்லை. பட்டறைகள் நிறைந்த ஊரில் அது எளிதாகவும் கிடைக்கிறது. மாடோ நாயோ அதை நக்கும். தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். பூச்சி செத்தாலும் விலங்குக்கு அது நஞ்சுதான்.

ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி

கால்நடை இங்கே தொழிற்சாலைக்கு மூத்தது. மத்திகிரியில் 1600 ஏக்கருக்கு மேல் பரந்திருக்கும் அரசு கால்நடைப் பண்ணை, 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்குதிரைத் தேவைக்காக ஏற்பட்டது. தென்னிந்தியக் கால்நடை இனங்களைப் பற்றி 1936இல் வெளியான ஆங்கில நூலை எழுதிய லிட்டில்வுட், ஓசூரில் கால்நடைப் பிரிவின் பொறுப்பில் இருந்தவர். சிப்காட் தொழில் வளாகம் வந்தது 1970களில்தான். 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது.

இதனால் தோல் மருத்துவருக்கு இரண்டு உலகங்கள் ஒரே சாலையில் கிடைக்கின்றன. அடுக்குமாடி வீட்டில் லாப்ரடாரும் ஷிட்ஸுவும் ஒவ்வாமையில் காதைச் சொறிந்துகொண்டிருக்கும். பத்து கிலோமீட்டர் தள்ளி, எருது விடும் விழாவுக்குத் தயாராகும் காளையின் திமிலில் உண்ணி தேடிக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை கூடும் குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஆட்டின் முடியை எதிர்த்திசையில் நீவிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். கிழக்கே வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் ஊர்கள். உண்ணிக் கடியும் அம்மைத் தழும்பும் பதனிட்ட பிறகு துளையாகவும் புள்ளியாகவும் எழும்பித் தோலின் தரத்தைக் கெடுத்துவிடும். கறவை மாட்டின் தோல் நோய்க்கும் செருப்பின் விலைக்கும் இப்படி ஒரு தொடர்பு. தோல் நோய் என்றால் வளர்ப்பு நாய்க்காரர் கவலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

உயர் சிகிச்சைக்குப் போகும் வழி மாநில எல்லையைக் கடக்கிறது. பெங்களூரு ஹெப்பாலில் 1958இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி ஓசூரிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தூரம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி அதைப்போல் நான்கு மடங்கு. வேப்பேரி 300 கி.மீ.க்கு மேல். நாயைக் காரில் ஏற்றியவர் எல்லையிலுள்ள அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குத்தான் போவார். வட்டாரக் கல்லூரி என்று ஒன்று அமைந்தால் அதன் எல்லையை மாநில வரைபடம் பார்த்து வரைவதில் பொருளில்லை. நோயாளி எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கம் பார்த்து வரைய வேண்டும்.

தோல் கழலை நோய் அதை நன்றாகவே உணர்த்தியது. ஆட்டம்மை வைரஸின் உறவான ஒரு வைரஸால் மாட்டுக்கு வரும் இந்நோய் இந்தியாவில் முதலில் 2019இல் ஒடிசாவில் பதிவானது. 2022இல் ராஜஸ்தான், குஜராத்தில் பேரழிவு உண்டாக்கியது. காய்ச்சல், உடம்பெங்கும் இரண்டு முதல் ஐந்து செ.மீ. கழலைகள், பால் வற்றல். கொசுவும் கடிக்கும் ஈயும் உண்ணியும் பரப்புகின்றன. அவற்றுக்குச் சோதனைச் சாவடி கிடையாது. மனிதருக்குத் தொற்றாது. ஆட்டம்மைத் தடுப்பூசியையே மாட்டுக்கும் போட்டார்கள். தமிழ்நாட்டுப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முன்வைத்த மூலிகை முறையைத் தேசிய பால்வள வாரியமும் பரப்பியது: உள்ளுக்கு வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம், புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் சேர்த்துக் காய்ச்சிய எண்ணெய்.

ஓசூர் வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. தமிழில் தோல் கழலை என்றால் கன்னடத்தில் சர்மகண்டு ரோகம், தெலுங்கில் முத்த சர்ம வியாதி. பலர் வெறுமனே அம்மை என்பார்கள். அம்மை என்றால் மடியில் வரும் மாட்டம்மையாகவும் இருக்கலாம். இந்தப் பகுதியில் உறைவிடப் பயிற்சிக்கு வரும் மருத்துவர் தம் பதிவேட்டின் முதல் பத்தியை நிரப்பும் முன், மாட்டுக்காரர் எந்த மொழியில் எந்த நோயைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டியிருக்கும்.