வீராணம்: ஒரு பழைய ஏரிக்கரையும் ஆபத்து வகையும்

பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு வீராணம் ஏரியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருவது இந்தக் கரையில்தான். நாம் இன்று அதே கரையை ஓர் அணையாகப் பார்ப்போம்.

காட்டுமன்னார்கோயில் அருகே உள்ள இந்த ஏரி 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. அவனுடைய 'வீரநாராயணன்' என்ற பட்டப்பெயர்தான் சுருங்கி வீராணம் ஆயிற்று. பத்து கிலோமீட்டருக்கு மேல் நீளும் மண்கரை. கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, அதாவது சுமார் 4.1 கோடி கன மீட்டர்.

மண்கரை எப்படி உடைகிறது? முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, வெள்ளம் கரைக்கு மேல் வழிந்து மண்ணை அரிப்பது. இதைத் தடுக்கத்தான் உபரி நீர் வெளியேறக் கலிங்கு வைத்தார்கள். இரண்டு, கரைக்குள் கசியும் நீர் மண்ணையும் சேர்த்து இழுத்து வந்து உள்ளே ஓட்டை போடுவது. மதகை ஒட்டிய இடத்தில் இந்தப் பயம் அதிகம். தெளிவாகக் கசிந்தால் கவனிக்க வேண்டும். கலங்கலாகக் கசிந்தால் உடனே ஓட வேண்டும்!

சரி, ஆபத்து வகைக்கு வருவோம். மத்திய நீர் ஆணையம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அணைகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது. பலரும் இதை அணையின் உடல்நிலைச் சான்றிதழ் என்று நினைக்கிறார்கள். அது அப்படி அல்ல. உடைந்தால் கீழே எத்தனை பேர், எவ்வளவு சொத்து பாதிக்கப்படும் என்ற கணக்குதான் அது. கரை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கீழே ஊர் பெருகினால் ஆபத்தும் பெருகும்.

வயதும் அளவுகோல் ஆகாது. குஜராத்தில் 1972இல் கட்டி முடித்த மச்சு-2 அணையின் மண்கரைகள் 1979 ஆகஸ்ட் 11 அன்று வெள்ளம் வழிந்து உடைந்தன. மோர்பி நகரில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஏழே வயது அணை அது!

வீராணத்துக்குக் கிழக்கே சிதம்பரம் வரை இன்று நெருக்கமான ஊர்கள். 2004இல் புதிய வீராணம் திட்டம் வந்தபின், நாள் ஒன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை சென்னைக்குக் குழாயில் போகும் ஏற்பாடும் சேர்ந்துகொண்டது. சோழர் காலத்தில் வயலுக்கு மட்டும் பதில் சொன்ன கரை, இன்று ஒரு பெருநகரத்தின் குடத்துக்கும் பதில் சொல்கிறது.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும்தான் சேர்க்கிறது. 10 மீட்டருக்குக் குறைந்த ஏரிக்கரைகள், எவ்வளவு நீளமானாலும் எவ்வளவு நீர் தேக்கினாலும், அதற்கு வெளியேதான். அவற்றை யார் பார்ப்பது?

அதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) விடை உண்டு. ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' என்று தனிக்குழு, குடவோலையில் தேர்வு, பதவிக்காலம் 360 நாள். ஏரியின் உயரத்தை யாரும் கேட்கவில்லை. ஏரி இருந்தால் அதற்குப் பொறுப்பாளி உண்டு, அவ்வளவுதான். ஆயிரம் ஆண்டுக் கரை தானாக நிற்கவில்லை நண்பர்களே, ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொண்டதால் நிற்கிறது.