நோக்கமும் வழியும்: 1924-இல் எழுதப்பெற்ற ஓர் அறிக்கை

புதிதாக ஒரு சங்கம் காண்போர், பெயர் சூட்டிய கையோடு எழுத வேண்டியது அதன் நோக்க அறிக்கையாகும். இதனைப் பதிவு அலுவலகத்திற்குரிய சடங்காகக் கருதி, ‘சமுதாயத்தின் கல்வி வளர்ச்சிக்குப் பாடுபடுதல்’ என்று எழுதி முடித்துவிடுவதே பெருவழக்கு. எவ்வாறு பாடுபடுவது என்னும் வினாவிற்கு அதில் விடை இராது. நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், புதிய சங்கங்கள் தொடங்க முனையும் இளைஞர்கள் பலர் மாதிரி அறிக்கை கேட்டு நம்மிடம் வருகின்றனர். அவர்களுக்கு நாம் காட்ட விரும்புவது பம்பாயில் எழுதப்பெற்ற ஓர் அறிக்கையை.

இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1923-இல் தாயகம் திரும்பிய டாக்டர் அம்பேத்கர், 1924 மார்ச் 9-ஆம் நாள் பரேல் தாமோதர் மண்டபத்தில் ஒரு கூட்டம் கூட்டினார். அதன் பயனாக அவ்வாண்டு ஜூலை 20-ஆம் நாள் ‘பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா’ தோன்றியது. விலக்கி வைக்கப்பட்டோரின் நலம் பேணும் சபை என்பது பெயரின் பொருள். விலக்கி வைத்தவர் உண்டு என்ற உண்மையைப் பெயரே சொல்லிவிடுகிறது!

சபையின் நோக்கங்களில், ஒவ்வொரு குறிக்கோளின் அருகிலும் அதற்குரிய வழி எழுதப்பட்டிருந்தது. கல்வி பரவ விடுதிகள். பண்பாடு வளர நூலகங்களும் படிப்பு வட்டங்களும். பொருளாதார நிலை உயரத் தொழிற்பள்ளிகளும் வேளாண் பள்ளிகளும். இவற்றோடு, மக்களின் குறைகளை எடுத்துரைப்பதும் சபையின் கடமையாயிற்று.

கல்விக்குப் பள்ளி என்று எழுதாமல் விடுதி என்று எழுதியது ஏன்? பொதுப்பணத்தில் நடைபெறும் பள்ளி, கிணறு முதலியன தீண்டப்படாதார்க்கும் உரியவை என்று எஸ். கே. போலே கொணர்ந்த தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டமன்றம் 1923 ஆகஸ்டிலேயே நிறைவேற்றிவிட்டது. ஏட்டளவில் பள்ளிக் கதவு திறந்தாயிற்று. ஆனால் சிற்றூரில் தொடக்கக் கல்வி முடித்த சிறுவன் மேற்படிப்புக்கு நகரம் சென்றால், அவனுக்கு உண்ணச் சோறு தருவார் யார்? உறங்க இடம் தருவார் யார்? படிப்பு அறுந்த இடம் அதுவே. அவ்விடத்தைச் சரியாகத் தொட்டமையே அவ்வறிக்கையின் சிறப்பென்று நாம் கருதுகிறோம்.

சபையின் தலைவராக சர் சிமன்லால் செதல்வாட் முதலிய பிற சமூகப் பெருமக்கள் அமர்ந்தனர். நிருவாகக் குழுவின் தலைமையோ அம்பேத்கரிடமே இருந்தது. ஆதரவைப் பிறரிடம் பெறலாம், கடிவாளத்தைக் கொடுத்துவிடலாகாது என்ற எண்ணம் இதில் தெரிகிறது.

ஆறே மாதத்தில், 1925 ஜனவரி 4-ஆம் நாள், சோலாப்பூரில் முதல் விடுதி திறக்கப்பட்டது. எழுதியது நடந்ததா என்று எவரும் சென்று பார்க்கக்கூடிய நோக்கம் அது. விடுதிப் பணியை விரிவாக்க 1928-இல் ஒடுக்கப்பட்டோர் கல்விச் சங்கம் தனியே அமைந்தது. பள்ளிச் சிறுவனுக்காக எழுதிய நோக்கம் இருபதாண்டுகளில் போதாததாயிற்று. அவன் தம்பியும் மகனும் கல்லூரி வாயிலில் நின்றனர். 1945 ஜூலை 8-ஆம் நாள் அம்பேத்கர் மக்கள் கல்விச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் சித்தார்த்தா கல்லூரி, 1946 ஜூனில் பம்பாயில் திறக்கப்பட்டது.