ஆட்டுக்கொல்லி நோயும் நம் மக்களும்: ஒரு வரலாற்று நோக்கு

பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் செல்லும் நம் இளைஞர்கள், உளுந்தூர்ப்பேட்டைக்கும் விழுப்புரத்திற்கும் இடையே அரசூர் என்னும் ஊரைக் கடந்தே செல்கின்றனர். அவ்வூரின் பெயர் பல நாட்டுக் கால்நடை மருத்துவ ஏடுகளில் இடம் பெற்றிருப்பதை அறிந்தவர் நம்முள் மிகச் சிலரே. 1987-ஆம் ஆண்டில், அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அச்சிற்றூரில் செம்மறியாடுகள் மடிந்தன. அவற்றைக் கொன்ற நோயே இந்தியாவில் முதன்முதலாக ஆட்டுக்கொல்லி நோய் என்று ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்யப்பட்டது.

கல்விக்கென அமைந்த சங்கத்தின் வெள்ளி விழா மலரில் ஆட்டு நோயைப் பற்றி எழுதுவது பொருத்தமா எனச் சிலர் வினவக்கூடும். நம் தெருக்களில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்களை, கட்டணப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் தாயின் தோட்டைச் சொல்வார். இருவர் கந்து வட்டியைச் சொல்வார். மற்றவரெல்லாம் ஆட்டையே சொல்வர். நானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே.

நிலமற்றவனுக்கு ஆடு ஏன் இன்றியமையாததாயிற்று என்பதற்கு நெடுங்கதை தேவையில்லை. 1891-இல் செங்கற்பட்டு ஆட்சித் தலைவர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையின் பயனாக 1892-இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் எத்துணை நம்மவர் கையில் எஞ்சியிருக்கின்றன என்பதை அவரவர் ஊரிலேயே எண்ணிப் பார்க்கலாம். உழ நிலம் இல்லாதவனும் புறம்போக்கில் ஓர் ஆட்டை மேய்க்கலாம். மாடு வாங்க முதல் வேண்டும், தீவனம் வேண்டும், கட்டுத்தறிக்கு இடம் வேண்டும். வெள்ளாடோ வேலியோரத் தழையிலும் கருவேல நெற்றிலும் வயிறு நிரப்பிக்கொண்டு, குடிசைத் திண்ணையில் மனிதரோடு படுத்துக்கொள்ளும். நம் குரும்பலூர்ப் பகுதி பச்சைமலையின் அடிவாரத்தை ஒட்டிய மானாவாரிப் பூமி. பருத்தியும் சோளமும், பிற்காலத்தில் மக்காச்சோளமும் அறுவடையான பின், காய்ந்த காடு மறுமழை வரையில் ஆட்டுக்கே உரியது. ‘திருச்சிக் கருப்பு’ என்று கால்நடைத் துறையினர் குறிக்கும் கருநிறச் செம்மறியினம் பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் தொன்றுதொட்டு வளர்க்கப்பட்டு வந்ததாகும்.

ஆயின் நம்மவர் மேய்த்த ஆடுகள் யாவும் நம்மவருடையன அல்ல. பண்ணையாளின் மகன் ஏழு, எட்டு வயதிலேயே பண்ணையின் ஆட்டுக்குப் பின்னே சென்றான். அவனுக்குப் பள்ளிக்கூடம் என்பது மேய்ச்சலுக்குப் போகும் வழியில் தென்படும் ஓட்டுக் கட்டடம், அவ்வளவே. சற்று நிமிர்ந்த குடும்பங்கள் வாரத்திற்கு ஆடு பிடித்தன. தாயாடு உடையவருக்குச் சொந்தம். ஈனும் குட்டிகளில் பாதி வளர்ப்பவருக்கு. இரண்டு மூன்று ஆண்டுகள் பாடுபட்டால் சொந்தப் பட்டி ஒன்று உருவாகும். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நோய் நுழைந்தால் வளர்ப்பவருக்கு மிஞ்சுவது கயிறு மட்டுமே. தாயாடு செத்தால் ‘பார்க்காமல் விட்டாய்’ என்னும் பழியும் உடன் சேரும்.

இந்நோயின் இயல்பைச் சுருங்கக் கூறுவேன். இதனை உண்டாக்குவது ஒரு வைரசுக் கிருமி. நோயுற்ற ஆட்டின் மூச்சிலும் சளியிலும் கழிச்சலிலும் அது வெளிப்பட்டு, நெருங்கி நிற்கும் ஆட்டைப் பற்றும். சில நாட்களில் ஆடு கடுங் காய்ச்சல் கண்டு தீனி மறுக்கும். கண்ணும் மூக்கும் ஒழுகும். ஒழுகிய சளி காய்ந்து மூக்குத் துளையை அடைக்கும். பின்னர் வாயில் புண், நாற்றம், கழிச்சல், இருமல். தொடங்கிய ஒரு வாரம் பத்து நாளுக்குள் முடிவு தெரிந்துவிடும். முன்பு இந்நோயைக் காணாத பட்டியில் பத்தில் எட்டு, ஒன்பது கூடச் சாவதுண்டு. பிழைத்த ஆடு வாழ்நாள் முழுவதும் இந்நோய்க்கு அஞ்ச வேண்டியதில்லை. மனிதரை இது தொற்றாது. எனினும் நம் சிறுவர்களுக்குக் காணும் தட்டம்மைக் கிருமியும், மாடுகளைக் கொன்ற வெக்கை நோய்க் கிருமியும், இந்த ஆட்டுக்கொல்லிக் கிருமியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இந்த உறவுதான் வரலாற்றில் பெருங் குழப்பத்தை விளைத்தது.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் 1942-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் இந்நோயை முதன்முதலில் விவரித்து எழுதினர். சிறிய அசைபோடும் பிராணிகளின் கொள்ளைநோய் என்று பொருள்படும் பெயரைத் தம் மொழியில் அதற்கு இட்டனர். நம் நாட்டிலோ ஆடு இத்தகைய குறிகளோடு மடிந்தபோதெல்லாம், மாட்டு வெக்கை ஆட்டுக்கும் வந்துவிட்டது என்றே பதிவாயிற்று. அரசின் கருத்தெல்லாம் மாட்டின்மேல் இருந்தது. உழவும் ஏற்றமும் வண்டியும் நிலவரியும் மாட்டை நம்பியிருந்தமையால் அதில் வியப்பில்லை. மாட்டுக் கொள்ளைநோயை ஆராய அமைந்த ஆணைக்குழு 1871-இல் அறிக்கை தந்தது. இமயமலைச் சாரலில் முக்தேசுவரத்தில் ஆய்வு நிலையம் வளர்ந்தது. 1932-இல் நம் மாகாணத்து இராணிப்பேட்டையிலும் மருந்து தயாரிக்கும் நிலையம் தோன்றியது. 1920-களில் முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கைக் கிருமியை வெள்ளாட்டின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்தி வீரியம் குறைத்து, அதன் மண்ணீரலிலிருந்து மாட்டுக்குத் தடுப்பூசி செய்தார். மாட்டைக் காக்கும் மருந்துக்காக ஆடு உயிர் ஈந்தது. ஆட்டுக்கு வரும் நோய்க்கோ அதற்கெனத் தனிப் பெயர்கூட இல்லை. இதற்காக அறிவியலாரைக் குறை கூறுதல் முறையன்று. இரு கிருமிகளையும் பிரித்தறியும் நுட்பமான கருவிகள் பிற்காலத்தில்தான் வந்தன. ஆயினும் ஏழையின் பிராணியைக் கூர்ந்து நோக்க எவரும் விரைந்திலர் என்பது என் கருத்து.

நோயின் பெயர் தெரியாத இடத்தில் பழி யார்மேல் விழும் என்பதற்கு வடநாட்டு வரலாறு ஒரு சான்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடமேற்கு மாகாணங்களில் மாடுகள் மடிந்தபோது, தோலுக்காகச் சமார் மக்கள் நஞ்சு வைத்துக் கொல்கின்றனர் என்று ஆங்கில அதிகாரிகள் குற்றஞ் சாட்டினர். அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் தோல் தொழிலாளரே அல்லர், உழவர்கள் என்பதை இராம்நாராயண் இராவத் என்னும் வரலாற்றறிஞர் 2011-இல் வெளியிட்ட நூலில் ஆவணங்களைக் கொண்டு எடுத்துக்காட்டியுள்ளார். செத்த மாட்டைத் தூக்கும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, மாடு செத்ததற்கும் அச்சாதியையே காரணம் காட்டிய விந்தை இது.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு எழவில்லை. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த காலம். 1988-ஆம் ஆண்டு மழை ஓய்ந்த பனிக்காலம். என் அன்னையார் வாரத்திற்குப் பிடித்த ஆடுகளும் அவற்றின் குட்டிகளுமாகப் பதினொன்று எங்கள் கொட்டிலில் இருந்தன. சந்தையிலிருந்து யாரோ ஓட்டிவந்த கிடா ஒன்று தெருவில் இருமிக்கொண்டு நின்றதைப் பார்த்ததாக அன்னையார் பின்னர்ச் சொன்னார். பத்து நாளில் ஒன்பது ஆடுகள் போயின. ‘அம்மன் பார்த்திருக்கிறாள்’ என்று வேப்பிலை கட்டினர். மஞ்சள் நீர் தெளித்தனர். கால்நடை மருந்தகத்தில் வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கொடுத்தனர். அடுத்த வாரம் ஊர்ப்பட்டியிலும் ஆடுகள் சாகத் தொடங்கின. சேரி ஆடுகள் குளத்தில் தண்ணீர் குடித்ததால்தான் நோய் பரவிற்று என்று சொல்லி, எங்கள் ஆடுகள் கரைப்பக்கம் வரக்கூடாதெனத் தடுத்தனர். செத்த ஊராடுகளைத் தூக்கிப் புதைக்க மட்டும் எங்கள் தெருவிற்கே ஆள் வந்தது. தாயாடுகளின் உடைமையாளர் இழப்பை ஈடுசெய்யச் சொன்னார். என் தந்தையார் ஓராண்டு அவர் காட்டில் உழைத்து ஈடுசெய்தார். நான் அந்த ஓராண்டு கல்லூரிக்குச் செல்லவில்லை. இன்று அறிந்தவற்றைக் கொண்டு நோக்கும்போது, அது ஆட்டுக்கொல்லி நோயே எனக் கொள்ளத் தடையேதும் இல்லை. அக்காலத்தில் அதற்கு எங்களிடம் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

பெயர் அதற்கு முன்பே அரசூரில் கிடைத்திருந்தது என்பதை நினைக்கும்போது மனம் என்னவோ செய்கிறது. அங்கு மடிந்த செம்மறிகளிடமிருந்து எடுத்த கிருமி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எம்.எஸ். ஷைலா அம்மையாரும் தமிழக ஆய்வாளர்களும் செய்த ஆய்வில், வெக்கைக் கிருமி அன்று, ஆட்டுக்கொல்லிக் கிருமியே எனத் தெளிவாயிற்று. 1989-இல் இலண்டனில் வெளியாகும் கால்நடை மருத்துவ இதழில் அச்செய்தி வந்தது. இது தென்னிந்தியாவில் மட்டும் உள்ள நோய் என்று சில காலம் கருதினர். 1994-இல் வட மாநிலங்களிலும் தலைகாட்டவே அவ்வெண்ணம் மாறிற்று.

அதன் பின் நேர்ந்ததையும் இளைஞர்கள் அறிதல் வேண்டும். உறவுக் கிருமி ஆதலால், மாட்டு வெக்கைத் தடுப்பூசியையே ஆட்டுக்கும் போட்டுக் காத்து வந்தனர்; அது ஓரளவு பயன் தந்தது. ஆனால் வெக்கை ஒழிப்பு இறுதிக் கட்டத்தை எட்டியபோது அந்த ஊசியை நிறுத்த வேண்டியதாயிற்று. ஊசி போட்ட பிராணியின் குருதியிலும் நோய் கண்டு பிழைத்த பிராணியின் குருதியிலும் ஒரே எதிர்ப்புப் பொருள் இருக்குமாதலால், நோய் உண்மையிலேயே ஒழிந்ததா என்பதை ஊசி நின்றால்தான் சோதித்தறிய முடியும். நாட்டின் கடைசி வெக்கை நோய் 1995-இல் நம் தமிழகத்தின் வட ஆர்க்காட்டுப் பகுதியில் கண்டது. 2006-இல் இந்தியாவும், 2011-இல் உலகமும் அந்நோயினின்றும் விடுபட்டன. பெரியம்மைக்கு அடுத்தபடி மனிதன் அடியோடு ஒழித்த நோய் அதுவே. மாடு பிழைத்தது. ஆட்டுக்குத் தனி ஊசி வேண்டும் என்னும் கட்டாயம் அதனாலேயே வந்தது. முக்தேசுவரத்தில், இமாசலப் பிரதேசத்துச் சுங்கிரியில் 1996-இல் கிடைத்த கிருமியைக் கொண்டு ஓர் ஊசி செய்தனர். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் அரசூரில் 1987-இல் எடுத்த அதே கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து வீரியம் குறைத்து ஊசியாக்கினர். ‘அரசூர் 87’ என்பது அதன் பெயர். எந்த ஊர் ஆடுகள் செத்தனவோ அவ்வூர்ப் பெயராலேயே மற்ற ஊர் ஆடுகள் பிழைக்கின்றன.

2010 முதல் மத்திய அரசின் கட்டுப்பாட்டுத் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. 2011-இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு நான்கு ஆடுகளை விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, நம் தெருக்களிலும் ஆடுகள் பெருகின. 2030-க்குள் உலகினின்றே இந்நோயை ஒழிப்பது என்று 2015-இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் கூடிய நாடுகள் உறுதி பூண்டன; நோய் முதலில் எழுதப்பட்ட நாட்டிலேயே அம்மாநாடு கூடியது பொருத்தமே.

சில நடைமுறைச் செய்திகள். சமயபுரத்திலோ, கடலூர் மாவட்டத்து வேப்பூரிலோ சந்தையில் பிடித்த ஆட்டை அன்றே பட்டியில் விடாதீர். மூன்று வாரம் தனியே கட்டி வையுங்கள். குட்டி நான்கு மாதம் ஆனதும் ஊசி போடச் சொல்லுங்கள். ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டு வரை காக்கும். மருந்து பனிக்கட்டியில் வைத்திருக்கப்பட்டதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். வெயிலில் கிடந்த மருந்தைப் போடுவதும் போடாததும் ஒன்றே. இன்னொன்று: திடீரெனச் செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வடியும் ஆட்டையோ மாட்டையோ தொடவும் தோலுரிக்கவும் கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அது மனிதரையும் கொல்லும். அத்தகைய பிணத்தைத் தூக்க யார் கூப்பிட்டாலும், எவ்வளவு கூலி தருவதாகச் சொன்னாலும், மருத்துவர் வந்து பார்க்கட்டும் என்று மறுத்துவிடுங்கள்.

சென்ற தடுப்பூசி முகாம் எங்கள் தெருவின் வேப்பமரத்தடியில் நடந்தது. ஏறத்தாழ எல்லா வீடுகளிலிருந்தும் பெண்கள் ஆடுகளைக் கயிற்றில் பிடித்து வந்து வரிசையில் நின்றனர். என் அன்னையாருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. இன்றும் இரண்டு வெள்ளாடுகள் வைத்திருக்கிறார், வாரத்திற்கல்ல, சொந்தமாக. எழுத்தறியாதவர் ஆதலால், ஊசி போட்ட நாளை நாட்காட்டியில் குறிக்கும் வேலையை என்னிடமே ஒப்படைத்திருக்கிறார். மாலையில் நான் வீடு திரும்பியதும் அவர் கேட்ட முதற் கேள்வி அதுதான்.