படுகொலை

'படு' என்ற அடைமொழி மிகுதியையும் கொடுமையையும் குறிக்கும்: படுபாவி, படுகிழவன், படுமோசம். கொடிய கொலை படுகொலை. 'படு' வினையாகவும் வரும். களத்தில் பட்டான் என்றால் மாண்டான். வீரர்களின் நடுகற்களில் 'பட்டான்' என்ற சொல்லைக் காணலாம். சாவின் சாயல் இந்தச் சொல்லிலேயே ஊறிக் கிடக்கிறது.

எங்கள் திருமங்கலம் வட்டாரத்துக்கு இது அகராதிச் சொல் மட்டுமல்ல. 1920 ஏப்ரல் 3 அன்று, சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக நடத்திய ஆங்கிலேயரின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. மாண்டவர் 16 பேர். ஒருவர் பெண், மாயக்காள். பிடிபட்டவர்களைச் சங்கிலியிட்டுத் திருமங்கலத்துக்கு நடத்தி வந்தார்கள். மக்கள் அந்தச் சட்டத்தை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். அந்தத் துப்பாக்கிச் சூட்டைக் 'கலவரம்' என்று எழுதினால் சுட்டவனும் செத்தவனும் சமமாகிவிடுவார்கள்.

'படுகொலை'க்கு முன்னால் 'இனம்' சேர்ந்தால் இன்னும் பெரிய சொல். ஓர் இனத்தையே அழிக்கும் நோக்கம் இருந்தால்தான் அது இனப்படுகொலை. அதற்கான ஆங்கிலச் சொல்லை 1944இல் ஆக்கியவர் ரஃபேல் லெம்கின். 1915இல் ஒட்டோமான் ஆட்சியில் ஆர்மீனியர்கள் அழிக்கப்பட்டது அவரை உலுக்கியிருந்தது. அந்த அழிவுக்கு இனப்படுகொலை என்ற சொல்லைத் துருக்கி அரசு இன்றும் ஏற்கவில்லை. ஆர்மீனியர்கள் தங்கள் நினைவு நாளான ஒவ்வொரு ஏப்ரல் 24 அன்றும் அந்தச் சொல்லை ஏற்கும்படியே கேட்கிறார்கள்.

பெருங்காமநல்லூரில் நினைவுத்தூண் நிற்கிறது. ஏப்ரல் 3 அன்று போய்ப் பெயர்களை வாசியுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது படுகொலை என்றே சொல்லுங்கள்.